ஒற்றைக் காதுக்கு முப்பத்தெட்டு கேசட்டுகள்

4 செப்டம்பர் 2023, திங்கள்

மதுரை டாக்டரம்மா தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார். தலை எத்தனை முறை சுற்றியது, காதில் இரைச்சல் எப்போது கூடியது, நடக்கையில் எந்தப் பக்கம் சாய்கிறேன். இன்று: சுற்றல் இரண்டு முறை. இரைச்சல் நாள் முழுக்க. வலப்பக்கம் சாய்கிறேன்.

மற்றதையும் எழுதிவிடுகிறேன். வலது காதின் நரம்பில் ஒரு கட்டி. புற்று இல்லை. ஆனால் எலுமிச்சங்காய் அளவுக்கு வளர்ந்து மூளையின் அடித்தண்டை நெருக்குகிறது. விட்டுவைக்க முடியாது. அக்டோபர் ஆறாம் தேதி ஆபரேஷன்.

ஸ்கேன் படத்தைக் காட்டிய சின்ன டாக்டர், “இந்தக் காது போயிரும் சார். அதான் இடது காது இருக்கே, சமாளிச்சிரலாம்” என்றார்.

“அது ஆறு வயசுல பொன்னுக்கு வீங்கி வந்தப்பவே போயிட்டு தம்பி.”

அவர் என் ஃபைலைப் புரட்டிப் பார்த்தார். பிறகு பெரிய டாக்டரைக் கூப்பிடப் போனார்.

வீட்டில் மனைவி செலினிடம் சின்னக் கட்டி, எடுத்துவிடுவார்கள் என்று மட்டும் சொன்னேன். அவள் அயிரை மீனைக் கழுவிக்கொண்டே “சரி” என்றாள்.

5 செப்டம்பர், செவ்வாய்

சுற்றல் ஒன்று.

பரணிலிருந்து பழைய ரெக்சின் பையை இறக்கினேன். முப்பத்தெட்டு கேசட்டுகள். நான்கில் பூஞ்சை. மற்றவை பரவாயில்லை.

இவை என்ன என்று என்றாவது யாராவது படித்தால் புரியவேண்டும். எனக்கும் ஷெல்டன் மச்சாதுவுக்கும் பதினெட்டு வயது. அவன் அண்ணன் கப்பலில் வேலை. ஒவ்வொரு முறை தூத்துக்குடிக்கு வரும்போதும் ஹாம்பர்க், லிவர்பூல் கடைகளிலிருந்து கேசட் கொண்டுவருவார். ஊரெல்லாம் சினிமாப் பாட்டு கேட்டபோது நாங்கள் ஷெல்டன் வீட்டு மாடியில் பங்க் ராக் கேட்டோம். கிட்டாரில் மூன்று கார்டு, இரண்டு நிமிடம், ஒரே கத்தல். அதிலும் எங்களுக்குப் பிடித்தது பேய் ராக்: கல்லறை, எலும்புக்கூடு, ரத்தம். பாட்டுக் குழுக்களின் பெயர் வாயில் நுழையாததால் அட்டைப் படத்தைப் பார்த்து நாங்களே பெயர் வைத்தோம். ‘மஞ்சள் பல்’. ‘ஆறடி’. ‘ஊசி’. ‘வெள்ளை அறை’.

பயம் என்பது அப்போது ஒரு தின்பண்டம் மாதிரி. காசு கொடுத்து வாங்கித் தின்றோம்.

எனக்கு ஒரு காதுதான் என்பதால் ஹெட்ஃபோனில் ஒரு பக்கக் கிட்டார்தான் கேட்கும். இடது பக்கத்தில் என்ன நடக்கிறது என்று ஷெல்டன் சொல்லிக்கொண்டே வருவான்.

தொண்ணூற்றாறில் அவன் ஞானஸ்நானம் பெற்று வேறு சபையில் சேர்ந்தான். ரோச் பூங்கா பக்கம் கடற்கரையில் எல்லாக் கேசட்டையும் கொட்டி எரித்தான். நான் ஓடிப்போய் பாதியைப் பைக்குள் அள்ளிக்கொண்டு வந்தேன். என் பின்னால் அவன் ஏதோ கத்தினான். அதை இங்கே எழுத வேண்டியதில்லை. இருபத்தேழு வருடமாகப் பேச்சு இல்லை.

ஆபரேஷனுக்குள் எல்லாவற்றையும் ஒருமுறை கேட்டுவிடுவது என்று முடிவு. வேலைக்குப் போகுமுன் காலையில் குறைந்தது ஒன்று.

7 செப்டம்பர், வியாழன்

‘மஞ்சள் பல்’ கேட்டேன். பழைய டேப்ரிக்கார்டருக்கு பெல்ட் மாற்றியாகிவிட்டது. இருபத்தேழு நிமிடத்தில் பதினான்கு பாட்டு. இவ்வளவு வேகமாக வாசித்துவிட்டு எங்கே போகப்போகிறார்கள் இந்தப் பிள்ளைகள்? பாடுகிறவனுக்கு இருபது வயதுகூட இருக்காது. செத்துப்போவதைப் பற்றி எவ்வளவு சந்தோஷமாகப் பாடுகிறான்.

முதல் பாட்டு ஓடியதும் செலின் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். “சவப்பாட்டு” என்பாள்.

சுற்றல் இல்லை.

9 செப்டம்பர், சனி

உப்புக் கம்பெனியில் எனக்கு எடைமேடை வேலை. லாரி வரும், ஏறும், சீட்டு எழுதித் தருவேன். இன்று பத்து மணிக்கு வெளியே நின்று எடை காட்டும் எண்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மூட்டை ஏற்றும் மாடசாமி பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தான். இரண்டு பேரும் உப்பில் விழுந்தோம். நான் நின்ற இடத்தில் ஒரு லாரியின் பின்சக்கரம் நின்றது.

“அண்ணாச்சி! காதெங்க போச்சு? பீப் பீப்புன்னு அடிச்சிக்கிட்டுல்லா பின்னால வாரான்!”

“கவனிக்கலடே.”

“கவனிக்கலயா? நான் நாலு தடவ கத்தினேன்.”

நான்கு தடவை. நான் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. இன்னும் காது போகவில்லை, இருக்கும்போதே இப்படி. போனபின் சாலையை எப்படிக் கடப்பது? பின்னால் வருவது எது என்று எப்படித் தெரியும்?

சட்டையில் உப்பைப் பார்த்து செலின் கேட்டாள். வழுக்கிவிட்டது என்றேன். அதற்கப்புறம் அவள் என் வலப்பக்கமே உட்கார்ந்து சாப்பிட்டாள். எப்போதும் எதிரில்தான் உட்காருவாள்.

10 செப்டம்பர், ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. ‘ஆறடி’ கேட்டேன். பள்ளம் தோண்டுகிறவன் பாடுவதாக ஒரு முழு ஆல்பம். மண்வெட்டிச் சத்தத்தையே தாளமாக வைத்திருக்கிறார்கள். அந்த நாளில் ஷெல்டன் அந்தத் தாளத்துக்குக் கட்டிலில் ஏறிக் குதிப்பான். இன்று மண் விழுகிற ஓசை வந்ததும் சட்டையின் மேல் பட்டனை அவிழ்த்துவிட்டேன். மூச்சு முட்டியது. மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இரைச்சல் அதிகம். பாட்டு நின்றபிறகும் மண் விழுந்துகொண்டே இருந்தது.

13 செப்டம்பர், புதன்

‘ஊசி’. இரண்டாவது பாட்டில் நிறுத்திவிட்டேன். ஆபரேஷன் மேசையில் மயக்கம் தெளிந்துவிட்ட ஒருவன், தன்னை அறுக்கிறவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு கிடப்பதுதான் பாட்டு. வாயைத் திறக்க முடியாது. பதினெட்டு வயதில் இதை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். சிரித்திருக்கிறோம்.

மயக்க மருந்து டாக்டருக்கு ஃபோன் போட்டு, நடுவில் தெளிந்துவிடுமா என்று கேட்டேன். அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்வோம் என்றார். ‘ஆகாது’ என்று சொல்லவில்லை. ‘பார்த்துக்கொள்வோம்’ என்றார்.

16 செப்டம்பர், சனி

சுற்றல் மூன்று. குளியலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

எழுதாமல் விட்டால் அது போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. அன்று கடற்கரையில் ஷெல்டன் கத்தியது இதுதான்:

“ஏலே லாம்பர்ட்! இந்தப் பாட்டக் கேக்குற காது அடைஞ்சு போவும்ல! பாத்துக்க!”

நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. கட்டி மெதுவாக வளரும், பத்து வருடமாக இருந்திருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். அதற்குக் கேசட் தெரியாது, ஷெல்டன் தெரியாது. லட்சத்தில் ஒருவருக்கு வருமாம். யாருக்காவது வந்துதானே ஆகவேண்டும்.

ஆனால் லட்சம் பேரில் எனக்கு. இரண்டு காதில் இந்தக் காதுக்கு.

17 செப்டம்பர், ஞாயிறு

இன்று எதுவும் கேட்கவில்லை. பையை மேசையிலிருந்து எடுத்து வராந்தாவில் வைத்தேன். பிறகு உப்புக்காற்று பட்டுவிடும் என்று உள்ளே கொண்டுவந்தேன். பிறகு மறுபடி வெளியே வைத்தேன்.

“பொதிக் கழுத மாதிரி எதுக்கு அதச் சுமந்துக்கிட்டு அலைதிய?” என்றாள் செலின்.

21 செப்டம்பர், வியாழன்

லீவு போட்டுவிட்டு ஆறுமுகநேரிக்குப் பஸ் ஏறினேன். ஷெல்டன் அங்கே ஒரு ஜெபவீடு நடத்துகிறான் என்று எனக்குப் பல வருடமாகத் தெரியும். செலினிடம் கம்பெனி வேலையாகப் போகிறேன் என்றேன்.

தகரக் கூரை போட்ட கூடம். பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்த தலை நரைத்த ஆள்தான் அவன். சர்க்கரையால் வலது காலில் இரண்டு விரல்கள் இல்லை. என்னைப் பார்த்துத் துணியைக் கீழே போட்டான்.

“லாம்பர்ட்டால? என்னல இப்பிடிக் கோணி நிக்க?”

உட்கார வைத்தான். டீ வாங்கிவரச் சொன்னான். சொல்ல வந்ததை நான் சுற்றிவளைக்கவில்லை. கட்டியைச் சொன்னேன். தேதியைச் சொன்னேன். அப்புறம் கடற்கரையைச் சொன்னேன்.

“நானா? அப்பிடியா சொன்னேன்?”

“சொன்ன.”

“சத்தியமா ஞாபகம் இல்லல. அன்னைக்கு வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். உங்காத நான் எதுக்குல சபிக்கப் போறேன்?”

எனக்குக் கோபம் வந்தது. இருபத்தேழு வருடம் நான் சுமந்த சொல் அது. சொன்னவனுக்கு நினைவே இல்லை.

பிறகு அவன் தன் கால்களைப் பார்த்துக்கொண்டே பேசினான். “அந்த வருஷம் எங்களுக்கு மொதப் பிள்ள செத்துப் பொறந்துச்சு. ஒனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில காரணம் கேட்டேன், தெரியலன்னுட்டாங்க. ஒருத்தர் வந்து, வீட்டுல பேய்ப் பாட்டு வச்சிருக்கியே அதான்னார். எனக்கு அப்போ ஏதாவது ஒண்ணு எரிக்கக் கெடச்சாப் போதும்னு இருந்துச்சுல. அவ்வளவுதான்.”

டீ வந்தது. குடித்தோம்.

“மிச்சம் வச்சிருக்கியா?” என்றான், குரலைத் தாழ்த்தி.

நான் பையில் வாக்மேனும் ‘வெள்ளை அறை’யும் கொண்டுபோயிருந்தேன். ஏன் கொண்டுபோனேன் என்று கேட்டால் தெரியாது. வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தான் பாஸ்டர். இயர்ஃபோனில் வலது என் காதில், இடது அவன் காதில்.

“இந்தப் பக்கம் ஒருத்தன் மூச்சு விடுதான்ல” என்றான். “இப்பம் நடக்கான். கதவத் தட்டுதான்.” அவன் கண்கள் மூடியிருந்தன. விரல்கள் துண்டிக்கப்பட்ட பாதம் தாளம் போட்டது.

அந்த ஆல்பத்தின் கடைசியில் நான்கு நிமிடம் ஒன்றும் இருக்காது. வெறும் டேப் ஓடும். இருட்டு மாடியில் அந்த நான்கு நிமிடமும், எப்போது அலறல் வருமோ என்று இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு கிடப்போம். அலறல் வராது. வராததுதான் அந்தப் பாட்டின் பயங்கரம். இன்று அந்த இடம் வந்ததும் நான் இயர்ஃபோனைப் பிடுங்கிவிட்டேன்.

“பயமா இருக்கால?”

“ஆமா.”

என் தலையில் கை வைத்து ஜெபித்தான். நான் தலையை எடுக்கவில்லை.

22 செப்டம்பர், வெள்ளி

சாபம் இல்லை என்று தெரிந்ததும் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. சாபம் என்றால் கொடுத்தவனிடம் போய் எடுக்கச் சொல்லலாம். காலில் விழலாம். இந்தக் கட்டிக்கு யாரிடமும் கோபமில்லை. அதனிடம் பேச முடியாது.

சுற்றல் நான்கு.

24 செப்டம்பர், ஞாயிறு

காலையில் ஒன்பதாவது கேசட்டைப் போட்டேன். செலின் கொல்லைப்புறம் போகவில்லை. வந்து டேப்ரிக்கார்டரின் பட்டனை அமுக்கி நிறுத்தினாள்.

“மருந்துச் சீட்டு, ஸ்கேன் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போயி நம்ம டாக்டர்கிட்டக் காட்டிட்டேன். ரெண்டு வாரம் ஆச்சு.”

நான் கேசட்டை எடுத்து அதன் டப்பாவில் போட்டேன்.

“நீங்களாச் சொல்லுவியன்னு பாத்தேன். ஆறுமுகநேரிக்குப் போயி அந்த மனுசன்கிட்டச் சொல்லத் தெரியுது. அவரு ஃபோன் பண்ணுதாரு, அக்கா தைரியமா இருங்கன்னு. எனக்கு எப்பிடி இருக்கும்?”

“நீ பயப்படுவன்னு…”

“நான் பயப்படத்தான் செய்வேன். இன்னும் பன்னெண்டு நாளு இருக்கு. அந்தப் பன்னெண்டு நாளும் இந்தச் சவப்பாட்டத்தான் கேப்பியளா? நான் பேசுறது ஒங்களுக்கு வேண்டாமா?”

தலை சுற்றுகிறது என்று சொல்லிப் படுத்துவிட்டேன். உண்மையில் இன்று சுற்றல் இல்லை.

27 செப்டம்பர், புதன்

கேசட் மூன்று கேட்டேன். ஒரே நாளில் மூன்று. எதுவும் மனதில் நிற்கவில்லை.

கேசட் பழையது. தேய்ந்துபோனால் அதில் ஒன்றும் மிஞ்சாது. அவ்வளவுதான் எழுத முடிகிறது.

1 அக்டோபர், ஞாயிறு

செலின் வாசலில் மீன்காரியிடம் பேசுவதை உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என்ன பேசினார்கள் என்று பிடிபடவில்லை. அவள் குரல் மட்டும் மேலே ஏறி இறங்கியது. இருபத்தாறு வருடம் இந்தக் குரலில் எனக்கு எது கேட்டது? அரிசி தீர்ந்தது, கேஸ் வரவில்லை, சட்டையை மாற்றுங்கள்.

உள்ளே வந்து, “என்ன, முகம் இப்பிடி இருக்கு?” என்றாள்.

கண்ணில் தூசி என்றேன்.

5 அக்டோபர், வியாழன். மதுரை, ஆஸ்பத்திரி

காதுக்குப் பின்னால் முடியை மழித்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்ட தாளில் வரிசையாக இருந்தது: கேட்கும் திறன் இழப்பு. முகத்தின் ஒரு பக்கம் செயலிழக்கலாம். மூளையைச் சுற்றியுள்ள நீர் கசியலாம். உயிரிழப்பு. எங்கள் பழைய கேசட் அட்டைகளில்கூட இவ்வளவு இருந்ததில்லை.

வாக்மேனை வீட்டிலேயே விட்டு வந்தேன்.

மத்தியானம் செலினைக் கட்டிலின் வலப்பக்கம் உட்காரச் சொன்னேன். “ஏதாவது பேசு.”

“என்னத்தப் பேச?”

“எதையாவது.”

அவளுக்கு ஒன்றும் வரவில்லை. நான் கேட்டதாலேயே வரவில்லை. அப்புறம் ஆரம்பித்தாள். மீன்காரி நண்டுக்குள் ஈரமணல் வைத்து விற்றதையும் இவள் திருப்பிக் கொண்டுபோய் அவள் கூடையிலேயே கொட்டியதையும் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாங்கிய நாய் பூனையைப் பார்த்து ஒளிவதைச் சொன்னாள். எங்கள் கல்யாணத்தன்று நான் கால் தடுக்கி பீடத்தில் விழப்போனதையும், குடித்திருக்கிறேன் என்று அவள் அம்மா அழுததையும் சொன்னாள். இது எனக்குத் தெரியவே தெரியாது.

“சொல்லவே இல்லயே நீ.”

“சொல்லியிருக்கேன். நீங்க பாட்டுக் கேட்டுக்கிட்டு இருந்திய.”

சாயங்காலம் வரைக்கும் பேசினாள். தொண்டை கம்மிவிட்டது. சுடுதண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பேசினாள். அந்தக் கம்மல் குரலையும் கேட்டேன்.

6 அக்டோபர், வெள்ளி

காலை ஆறு மணி. ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. நர்ஸ் பேனாவைக் கேட்கிறாள், மீதியை

11 அக்டோபர், புதன்

உயிரோடு இருக்கிறேன். ஒன்பது மணி நேரம் ஆனதாம். நடுவில் தெளியவில்லை.

வலப்பக்க முகம் தொங்குகிறது. கண் மூடுவதில்லை, பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறார்கள். மெல்லச் சரியாகலாம் என்று டாக்டரம்மா ஒரு தாளில் எழுதிக் காட்டினார். ‘லாம்’ என்ற எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேட்கவில்லை. எதுவும். நர்ஸ் தட்டை வைக்கிறாள், சத்தமில்லை. எதிர்க் கட்டில் ஆள் இருமுகிறார், அவர் தோள் மட்டும் குலுங்குகிறது. யார் எப்போது பக்கத்தில் வருகிறார்கள் என்று தெரிவதில்லை. தோளில் கை பட்டால் தூக்கிவாரிப்போடுகிறது. செலின் ஒரு ரூல்டு நோட்டு வாங்கிவந்திருக்கிறாள். எழுதிக் காட்டுகிறாள். அவள் எழுத்து இவ்வளவு குண்டாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

13 அக்டோபர், வெள்ளி

காலை இட்லி சாப்பிடும்போது பாட்டுக் கேட்டது.

கையிலிருந்த இட்லித் துண்டு கீழே விழுந்தது. கிட்டார், டிரம், கத்தல், எல்லாம் தெளிவாக. ‘மஞ்சள் பல்’லின் ஏழாவது பாட்டு. எங்களுக்குப் பிடிக்காமல் எப்போதும் ஓட்டிவிடும் பாட்டு. வலப்பக்கத்திலிருந்து மட்டும் வரவில்லை. தலை முழுவதிலிருந்தும் வந்தது.

“யாரு பாட்டுப் போட்டா?” என்று கேட்டேன். கத்தியிருப்பேன் போல, எல்லாரும் திரும்பினார்கள்.

யாரும் போடவில்லை என்று செலின் எழுதினாள்.

பாட்டு முடிந்தது. முதலிலிருந்து ஆரம்பித்தது. தலையணையால் காதைப் பொத்தினேன். பொத்தி என்ன ஆகும்? முடிந்தது. ஆரம்பித்தது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். ஷெல்டன் சபிக்கவில்லை என்று சொன்னது பொய்யோ என்றுகூட நினைத்தேன். செலின் கையை இறுக்கிப் பிடித்ததில் அவள் வளையல் ஒன்று உடைந்துவிட்டது.

டாக்டரம்மா வந்து ஒரு பக்கம் முழுக்க எழுதினார். காது நின்றுபோன சிலருக்கு இப்படி வருமாம். வெளியிலிருந்து ஒன்றும் வராததால் மூளை தானே பழையதை எடுத்து ஓட்டுமாம். பைத்தியம் இல்லை. போகப்போகக் குறையும். எதை ஓட்டும் என்று நாம் சொல்ல முடியாது.

14 அக்டோபர், சனி

இன்றும் அதே பாட்டு. விடிந்ததிலிருந்து எண்ணினேன், முப்பத்தொன்று. நாற்பது வயதுக்காரர்களை எல்லாம் புதைக்கச் சொல்கிற பாட்டு. எனக்கு ஐம்பத்திரண்டு.

செலின் நோட்டை நீட்டினாள்: இப்பமும் கேக்கா?

தலையாட்டினேன்.

என்ன பாட்டு? என்று எழுதினாள்.

எழுதிக் காட்ட முடியாது. வார்த்தையை எழுதினால் அது பாட்டாகாது. அது வெறும் கத்தல். அவளிடம் சொல்லிப் பார்த்தேன், அவளுக்குப் புரியவில்லை. நோட்டில் அந்தக் கேள்வியின் கீழே ஒரு கோடு போட்டாள். அதனால் பாடிக் காட்டினேன்.

என் குரல் எனக்குக் கேட்கவில்லை. தொண்டை அதிர்வது மட்டும் தெரிந்தது. உதடு ஒரு பக்கம் மூடாததால் ‘ப’ வரும் இடமெல்லாம் காற்றுப் போனது, எச்சில் தெறித்தது. எவ்வளவு சத்தம் என்று தெரியாமலே பாடினேன். எதிர்க் கட்டில்காரர் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். நர்ஸ் ஓடிவந்தாள். செலின் அவளைப் பார்த்து ஏதோ சொன்னாள். நர்ஸ் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

செலின் எழுந்து போகவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு, பாட்டு முடியும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் என் தாடையைத் துடைத்துவிட்டு நோட்டை எடுத்தாள்.

சகிக்கல, என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு அதற்குக் கீழே எழுதினாள்: இதுக்கு அடுத்த பாட்டு என்ன?

எட்டாவது பாட்டு எப்படி ஆரம்பிக்கும் என்று எனக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை. வந்ததும் பாடினேன்.